தெர்பிலோவோவில் ஆறு புகை

தெர்பிலோவோ
20 செப்டம்பர் 2012

அக்கா ரிம்மாவுக்கு,

நீ அனுப்பிய பொட்டலம் வியாழக்கிழமை கடை வண்டியோடு வந்து சேர்ந்தது. கம்பளிச் சட்டை நன்றாக இருக்கிறது, தோள்தான் பிடிக்கிறது. நீ இன்னும் என்னைப் பதினாலு வயதுப் பையனாகவே அளக்கிறாய். அளவு கேட்டு எழுதியிருக்கலாம்.

செல்போனில் பேசு, பேசு என்கிறாய். பேச வேண்டுமானால் கல்லறைத் தோட்டத்துக் குன்றின் மேல் ஏற வேண்டும். அது மட்டுமே காரணமில்லை. அம்மா செத்தபோது நீ போனில் சொன்னதை எல்லாம் பிறகு “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்றாய். எழுத்தில் அந்த வசதி யாருக்கும் இல்லை. எழுதினால் பதில் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு எனக்கு வேறு வேலை இல்லை என்பதால் ஊரின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று போன தடவையே சொன்னேன். இப்போது 1974-க்கு வந்துவிட்டேன். மடத்து ஆட்கள் காட்டை வெட்டிச் சணல் விதைத்ததிலிருந்து தொடங்கினேன். போர் தொடங்கியபோது அறுபது வீட்டுக்கு மேல் இருந்தன. போருக்குப் போன ஆண்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. அதைக்கூட ஊர் தாங்கிக்கொண்டது. எழுபத்து நாலில் மேசைக்கு முன் உட்கார்ந்த ஒருவன் “எதிர்காலம் இல்லாத கிராமம்” என்று ஒரு வரி எழுதினான் பார், அதைத் தாங்கவில்லை. கடையை எடுத்தார்கள், ஆரம்பப் பள்ளியை எடுத்தார்கள், பிறகு வீடுகளையே பிரித்து எடுத்தார்கள். வீட்டுச் சுவரின் மரத்தடிகளில் வரிசையாக நீலச் சாயத்தில் எண் போட்டு, லாரியில் ஏற்றி, பெரிய ஊரான நிகோல்ஸ்கோயேவில் கொண்டுபோய் அடுக்கினார்கள். அந்த நீலச் சாய வாளியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக வந்த இளம் பொறியாளர் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவரைத்தானே நீ கட்டிக்கொண்டு யாரோஸ்லாவ்லுக்குப் போனாய். அத்தியாயத்தில் கிளெப் அத்தானின் பெயரைப் போட்டிருக்கிறேன். உண்மை உண்மைதான்.

இப்போதைய கணக்குச் சொல்கிறேன். குளிர்காலத்தில் இங்கே மூன்று பேர். நான், ஸவேலி அண்ணன், பள்ளியில் உன் பெஞ்சுத் தோழியாக இருந்த ஸோயா. மற்ற வீடுகளெல்லாம் பூட்டு. கோடைக்கு வருபவர்கள் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எலி பார்க்க.

மாவட்டத்திலிருந்து புதிதாக ஒன்று சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வீட்டிலாவது ஆள் இருந்தால்தான் இனிமேல் பாதையில் பனி அள்ளுவார்களாம். ஜனவரியில் குழு வந்து பார்க்குமாம். பனி அள்ளாவிட்டால் கடை வண்டி வராது. வண்டி வராவிட்டால் ரொட்டி இல்லை, மாத்திரை இல்லை, தபால் இல்லை. ஒருமுறை அழித்தது போதாது என்று மறுபடியும் வருகிறார்கள்.

ஸோயாவுக்குக் கால் வீங்குகிறது. மற்றபடி சுகம். உருளைக்கிழங்கு தோண்டி முடித்துவிட்டாள்.

தம்பி,
வெனியமின்


யாரோஸ்லாவ்ல்
5 அக்டோபர் 2012

என் வேன்யாவுக்கு,

சட்டையைத் திருப்பி அனுப்பு, தோளைப் பிரித்துத் தைத்துத் தருகிறேன். கோபத்தோடு அனுப்பாதே, துவைத்து அனுப்பு.

உன் கடிதத்தை கிளெப்புக்கு வாசித்துக் காட்டினேன். “முப்பத்தெட்டு வருஷமா அந்த வாளிய நான் கீழ வைக்கவே விட மாட்டேங்கறான் உன் தம்பி” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் பிறகு பால்கனியில் போய் வெகுநேரம் நின்றார். அவருக்கு அப்போது இருபத்து மூன்று வயது வேன்யா. எண் போடச் சொன்னார்கள், போட்டார். நம் வீட்டுச் சுவருக்கு வந்தபோது அப்பா கோடரியோடு நின்றார், இவர் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். உன் அத்தியாயத்தில் அது இருக்கிறதா?

நான் எழுத வந்தது ஸோயாவைப் பற்றி. கால் வீங்குகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். கால் வீக்கம் என்றால் இதயம், தம்பி. எங்கள் நர்ஸிடம் கேட்டேன். இங்கே மகளின் அறை காலியாகத்தான் இருக்கிறது. கட்டில், போர்வை எல்லாம் போட்டு வைத்துவிட்டேன். இரண்டு தெரு தள்ளி மருத்துவமனை. குளிர்காலம் முழுக்க என்னோடு இருக்கட்டும், வசந்தத்தில் திரும்பி வரட்டும். அவளுக்கும் எழுதிவிட்டேன். அவள் மகன் வடக்கே போனவன் போனவன்தான், அவனை நம்ப முடியாது. நீதான் வண்டியில் ஏற்றிவிட வேண்டும்.

நீயும் வரலாம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். இந்த வருடமும் சொல்லி வைக்கிறேன்.

முத்தங்களுடன்,
ரிம்மா


தெர்பிலோவோ
8 நவம்பர் 2012

அக்காவுக்கு,

அப்பாவின் கோடரி அத்தியாயத்தில் இருக்கிறது. வாளி அடுத்த வீட்டுக்குப் போனதும் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரரிடம் கோடரி இல்லை, அவ்வளவுதான்.

ஸோயாவிடம் பேசினேன். ஐந்து வீடு வேண்டும் என்கிற இடத்தில் மூன்றுதான் இருக்கிறது. அதிலும் ஒன்று போனால் குழுவுக்கு நாம் என்ன காட்டுவது என்று கேட்டேன். அவள் முட்டைக்கோஸை உப்பில் அமுக்கிக்கொண்டிருந்தாள். கையைக்கூட எடுக்கவில்லை.

“ஏன்டா வேன்யா, நான் உனக்கு ஆளா, எண்ணிக்கையா?” என்றாள்.

“ரெண்டும்தான்” என்றேன்.

“நல்லாப் படிச்சவன்டா நீ. பொண்டாட்டி ஏன் ஓடிப்போனான்னு இப்பதான் புரியுது.”

இப்படிப் பேசுபவளின் இதயம் பலவீனமானது என்று உன் நர்ஸ் சொன்னால் நான் நம்ப வேண்டுமா?

ஆனால் அவள் யோசிக்கிறாள். ஸவேலி அண்ணனுக்குப் பாதி காது கேட்காது, வண்டி வராவிட்டால் அவர் என்ன செய்வார் என்று அவளே கேட்டாள். நான் மறுக்கவில்லை. பிறரை நினைத்துப் பார்க்கிறவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள் என்பதற்கு இன்னும் ஒருத்தி மிச்சம்.

நீ இங்கிருந்து போய் வெகுகாலம் ஆகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். இங்கே நாங்கள் ஒருவரை ஒருவர் கவனிக்காமல் இல்லை. காலையில் எழுந்ததும் ஜன்னலுக்குப் போய்ப் புகைபோக்கிகளைப் பார்க்கிறோம். நான் இரண்டு புகையைப் பார்க்கிறேன், அவர்களும் தத்தம் ஜன்னலிலிருந்து இரண்டைப் பார்க்கிறார்கள். எந்த வீட்டில் புகை இல்லையோ அந்த வீட்டுக்கு உடனே போவது வழக்கம், கோட்டுக்குப் பித்தான்கூடப் போடாமல். போன வாரம் என் விறகு ஈரம், அடுப்புப் பிடிக்கத் தாமதமாயிற்று. அதற்குள் ஸவேலி அண்ணன் கதவை உடைக்கிற மாதிரி தட்டினார். “வாத்தியாரே, செத்துட்டியா?” என்றார். “இல்ல” என்றேன். “அப்ப சீக்கிரம் மூட்டு. குளிர்ல என்னைய நடக்க வைக்காத” என்று திட்டிவிட்டுப் போனார். உன் இரண்டு தெரு தள்ளிய மருத்துவமனையில் இப்படி ஒருவர் வருவாரா?

வெனியமின்


யாரோஸ்லாவ்ல்
14 டிசம்பர் 2012

வேன்யா,

ஸோயாவிடமிருந்து கடிதம் வந்தது. ஜனவரி ஏழாம் தேதிக் கிறிஸ்துமஸ் முடிந்த முதல் வியாழக்கிழமை கடை வண்டியில் ஏறிவிடுவதாக எழுதியிருக்கிறாள். மாடிப்படி ஏறுவதுபோல மூச்சு வாங்குகிறதாம், வீட்டில் படியே இல்லாமல். “உன் தம்பி நல்லவன்தான், ஆனா அவனுக்கு ஊருன்னா ஊர்ல இருக்கிறவங்க இல்ல, ஊருக்கு எதிரா இருந்தவங்க” என்றும் எழுதியிருக்கிறாள். கோபித்துக்கொள்ளாதே. உன்னைத் தெரியாதவளா எழுதினாள்?

நான் உன்னிடம் அதிகம் கேட்டதில்லை. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நீ. நான் பண்டிகைக்கு வந்துபோனேன். அதை நான் மறக்கவில்லை, நீ மறக்கவிட்டதும் இல்லை. இந்த ஒன்றைச் செய். அவள் பெட்டியைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போய்க் கடை வண்டியில் ஏற்று. நிகோல்ஸ்கோயேவில் பேருந்து நிலையத்தில் கிளெப் காரோடு நிற்பார். அவரைப் பார்க்க வேண்டாமென்றால் நீ நிகோல்ஸ்கோயே வரை வர வேண்டியதில்லை.

உனக்குக் காளான் ஊறுகாயும் காப்பித்தூளும் அனுப்பியிருக்கிறேன். சட்டையின் தோளைத் தளர்த்திவிட்டேன்.

புத்தாண்டு உனக்கு இலேசாக இருக்கட்டும்.

ரிம்மா


தெர்பிலோவோ
16 ஜனவரி 2013

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் குடித்துவிட்டு எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. ஜெயித்துவிட்டேன்!

முதலில் ஸோயாவின் விஷயம். போன வியாழக்கிழமை பெட்டியோடு தயாராகத்தான் இருந்தாள். குழு அடுத்த வாரம் வருகிறது என்று செய்தி வந்திருந்தது. ஒரே ஒரு வாரம் பொறு, குழு வந்துபோகட்டும், அதற்கடுத்த வண்டியில் நானே ஏற்றிவிடுகிறேன் என்றேன். “உனக்கு ஒரு வாரம், அந்தக் குழுவுக்கு ஒரு வாரம், எனக்குன்னு எப்படா?” என்று பெட்டியைத் திறந்து துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். கதவுப் பக்கம் வராதே என்றாள். சரி, நாளை வண்டி வருகிறது, நாளை ஏறுகிறாள். உன் கட்டில் வீண்போகாது.

இப்போது கேள். குழு எப்படிப் பார்க்கும் என்று யோசித்தேன். மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் கதவு கதவாகத் தட்டவா போகிறார்கள்? குன்று வளைவில் காரை நிறுத்திப் புகைபோக்கிகளைப் பார்ப்பார்கள். பழைய காலத்தில் வரி வாங்க வந்தவர்களும் இங்கே புகையைத்தான் எண்ணினார்கள், இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். என்னிடம் பூட்டிய வீடுகளின் சாவிகள் இருக்கின்றன. நான்கு வீட்டைத் தேர்ந்தெடுத்தேன், அடுப்பு விரிசல் விடாத வீடுகளாக. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தினமும் விடிவதற்குள் போய் நான்கிலும் மூட்டினேன். பிறகு மறுபடியும் சுற்றி வந்து விறகு போட்டேன். இடுப்பு போய்விட்டது. வாழ்க்கையில் இவ்வளவு விறகு நான் சுமந்ததில்லை. மூன்று உண்மை, நான்கு என் கைவேலை, ஆக ஏழு. ஐந்து கேட்டவனுக்கு ஏழு!

இன்று மதியம் வந்தார்கள். நான் நினைத்தபடியே குழுத் தலைவர் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார், விரலை நீட்டி எண்ணினார்.

“ஆறு” என்றார். “பரவாயில்லையே. எங்ககிட்ட மூணுன்னு இருந்துச்சு.”

“எதிர்காலம் உள்ள ஊருங்க” என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

ஏழு என்று நான் திருத்தவில்லை. எங்கேயோ ஒன்றில் விறகு தீர்ந்து அணைந்திருக்கும். ஆறே போதும். “பனி அள்ளுவாங்க, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். முப்பத்தெட்டு வருடம் கழித்து இந்த ஊரைப் பற்றி ஒரு அதிகாரி ஒரு நல்ல வார்த்தை சொன்னது இன்றுதான். கிளெப் அத்தானுக்கு வாசித்துக் காட்டு.

நாளை ஸோயாவோடு உனக்குக் கொஞ்சம் தேனும் அனுப்புகிறேன்.

உன் தம்பி,
வேன்யா


தெர்பிலோவோ
20 ஜனவரி 2013

அக்கா,

ஸோயா இறந்துவிட்டாள். நேற்று அடக்கம் செய்தோம்.

வியாழக்கிழமை வண்டி வந்தது. ஓட்டுநரிடம் உனக்கு எழுதிய கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். கம்பளிப் பூட்ஸ் ஒரு காலில் இருந்தது. வாளித் தண்ணீர் உறைந்திருந்தது.

நிகோல்ஸ்கோயேவிலிருந்து நர்ஸ் வந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றாள். திங்கட்கிழமை வாக்கில் விழுந்திருக்க வேண்டுமாம். உயிர் உடனே போகவில்லை என்றும் சொன்னாள். ஸோயா மேசை விரிப்பை இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொண்டிருந்தாள். இந்த நர்ஸ்களுக்கு எதையாவது சொல்லித் தங்கள் முக்கியத்துவத்தைக் காட்ட வேண்டும். இதைக் குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

ஸவேலி அண்ணன் மூன்று நாளும் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். “பொகை வந்துச்சே வாத்தியாரே! ஸோயா வீட்டுப் பக்கம்தான் வந்துச்சு. நல்லாக் கருகருன்னு வந்துச்சே” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவர் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஸோயாவின் புகைபோக்கியும் பக்கத்துப் பூட்டிய வீட்டின் புகைபோக்கியும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அந்தப் பக்கத்து வீடு நான் மூட்டிய நான்கில் ஒன்று. பார்வை மங்கியவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் அவள் வாசலைத் தினமும் கடந்துதான் விறகு சுமந்தேன். வராதே என்று சொன்னது அவள்.

யாரோஸ்லாவ்லில் இருந்தாலும் இது நடந்திருக்கும். மூளைக்குள் வெடிப்பதை இரண்டு தெரு தள்ளி இருக்கிற மருத்துவமனை நிறுத்தாது. மகனுக்குத் தந்தி அடித்தோம், வரவில்லை. அடக்கத்துக்கு நிகோல்ஸ்கோயேவிலிருந்து பாதிரியார் வந்தார். பாதை சுத்தமாக இருந்தது.

வெனியமின்


யாரோஸ்லாவ்ல்
4 பிப்ரவரி 2013

வெனியமின்,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. கடை வண்டிக்காரர் முதலாவதை ஒரு வாரம் தன் வண்டியிலேயே மறந்து வைத்திருக்க வேண்டும். எது முன்னால் என்று தெரியாமல் தடிமனானதை முதலில் பிரித்தேன். நீ ஜெயித்த கடிதம். வாசித்துச் சிரித்தேன், கிளெப்பும் சிரித்தார். “பலே கெட்டிக்காரன்” என்றார். ஸோயா ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று கேட்டுக்கொண்டே இரண்டாவதைப் பிரித்தேன். மூன்று வியாழக்கிழமையாக அவர் நிகோல்ஸ்கோயே பேருந்து நிலையத்துக்குப் போய்ப் போய்த் திரும்பியிருக்கிறார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. பாதை மூடியிருக்கும், நீ பிடிவாதம் பிடித்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டோம்.

குன்றின் மேல் ஏறினால் செல்போன் பேசும். அவளைப் புதைக்க அந்தக் குன்றின் மேல்தானே ஏறினீர்கள்? அங்கே நின்றுகொண்டும் உனக்கு என்னைக் கூப்பிடத் தோன்றவில்லை. எழுத்தில் போட்டாய்.

அவள் தரையில் கிடந்த மூன்று நாளும் ஆளில்லாத நான்கு வீட்டைச் சூடாக்கினாய். ஆறு என்று அந்த மனிதர் சொன்னபோது எந்த வீடு என்று நீ கேட்டுக்கொள்ளவில்லை. காரிலிருந்து இறங்காதவருக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு புகை குறைந்தால் பித்தான் போடாமல் ஓடுவோம் என்று எனக்கு எழுதியவன் நீ.

அவள் நாற்பதாம் நாளுக்கு வருவேன். அவளிடம் வருவேன். நீ எதுவும் சமைக்க வேண்டாம்.

ரிம்மா


தெர்பிலோவோ
3 மார்ச் 2013

அக்காவுக்கு,

நான் தவறு செய்தேன் என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. பாதை இல்லாவிட்டால் மூன்று பேரும் செத்திருப்போம். கணக்கு அப்படி. அந்தக் கணக்கை இந்த ஊருக்கு முதலில் கற்றுக்கொடுத்தது நானில்லை.

நீ வந்தாய் என்று தெரியும். கல்லறைத் தோட்டம் வரை கார்ச் சக்கரத் தடம் இருந்தது. அங்கே இரண்டு ஜோடிக் காலடி, மெழுகுவர்த்தி, அப்பம். அத்தானும் வந்திருக்கிறார். மேட்டிலிருந்து என் வீட்டுக் கதவு தெரியும். நான் மேசை போட்டிருந்தேன், வேண்டாம் என்று நீ எழுதிய பிறகும். தடம் அங்கிருந்து கீழே இறங்கி ஸவேலி அண்ணன் வாசலுக்குப் போய் நின்று, திரும்பிப் போயிருக்கிறது.

ஸவேலி அண்ணன் போவதற்கு முன் என் கதவுக்கு வந்தார். கையில் மூட்டை. “உங்கக்கா கலிச் டவுன்ல இருக்கற என் மக வீட்ல விட்டுர்றேங்குது வாத்தியாரே. இங்க எனக்கு இனிமே தூக்கம் வராது. ஜன்னலப் பாக்கவே பயமாருக்கு” என்றார். உள்ளே வாங்க, உட்காருங்க என்றேன். “அவங்க கார்ல காத்துட்டிருக்காங்க” என்றார். என்னை நேராகப் பார்க்கவில்லை. எழுபது வயதில் ஊரைக் காலி செய்ய உங்கள் வீட்டில் எப்போதும் ஒரு வண்டி தயாராக இருக்கிறது.

நீ வந்துபோன பாதை நான் வாங்கியது. அது மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கட்டும்.

வரலாற்றை முடித்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தில் ஸோயாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன், மறுபடியும் எழுதினேன். அவள் பிறந்த தேதி எனக்கு நிச்சயமில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். எழுதி அனுப்பு.

பனி அள்ளும் ட்ராக்டர் சொன்னபடி வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறது. முந்தாநாள் அந்த ஓட்டுநர் என் வாசலில் நிறுத்தி இறங்கி, தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். சின்ன வயது, புதியவர்.

“யாருக்காகங்க நான் இவ்ளோ தூரம் அள்ளிட்டு வர்றேன்?” என்றார்.

“எனக்காக” என்றேன்.

“வேற யாரும் இல்லியா?”

“விருந்தாளிங்க வருவாங்க” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு வாசல் வரைக்கும் சுத்தமாக அள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார். கார் திருப்புவதற்கும் இடம் விட்டிருக்கிறார்.

உன் தம்பி,
வேன்யா